உட்புற வடிவமைப்புப் படிப்பு

சுவருக்கு வண்ணம் தீட்டுவதும் திரைச்சீலைகளைத் தேர்ந்தெடுப்பதும்தான் உட்புற வடிவமைப்பாளரின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஓர் இடத்தில் வாழப்போகும் மனிதர்களின் தேவையை அறிவதே அவரது முதல் வேலை.

சக்கர நாற்காலியில் நடமாடும் பாட்டி ஒருவருக்காகக் குளியலறையை மாற்றியமைப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்காலி முழுமையாகத் திரும்புவதற்குச் சுமார் 1.5 மீட்டர் அகலமுள்ள இடம் வேண்டும். தரை வழுக்கக் கூடாது. கைப்பிடிகள் பாட்டிக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் சுவரை இடித்துவிடலாமா? கூடாது. அது மேல்மாடிகளின் எடையைத் தாங்கும் சுவராக இருக்கலாம். ஆகவே, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் சுவரை இடிப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும்.

இத்தகைய அறிவைப் பெறக் கல்லூரிப் படிப்பு உதவுகிறது. சிங்கப்பூரில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இத்துறையில் 3 ஆண்டுப் பட்டயக் கல்வியை வழங்குகிறது. உட்புற வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் வரைபடம் வரையவும், கணினியில் முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கவும், மரம், கண்ணாடி போன்ற பொருள்களின் தன்மையை அறியவும் கற்கின்றனர்.

உங்களுக்கும் இத்துறையில் ஆர்வம் உண்டா? அளவுநாடாவால் உங்கள் வீட்டை அளந்து வரைந்து பாருங்கள். அங்கே யாருக்கு எது சிரமமாக இருக்கிறது என்றும் கேளுங்கள். வடிவமைப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.