அழாத குழந்தை

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எல்.கே.ஜி. வகுப்பின் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கதவைப் பிடித்துத் தொங்கும் குழந்தை, செருப்பைக் கழற்ற மறுக்கும் குழந்தை, அம்மாவின் முந்தானையை விடாத குழந்தை. நம் கவனமெல்லாம் அவர்கள் மீதே இருக்கும். அப்படியொரு வாரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தையை, "தங்கமான பிள்ளை, இரண்டே நாளில் பழகிவிட்டாள்" என்று நானும் பாராட்டினேன். மூன்றாம் வாரம் அவளுடைய பாட்டி வந்து சொன்னார்: "பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போறதே இல்ல டீச்சர். வீட்டுக்கு வந்ததும்தான் ஓடறா." தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தபடியே திரும்பிப் போயிருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

1952-இல் இலண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். பெற்றோரைப் பிரிந்து எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த, இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியைப் பற்றிய படம் அது. அவள் அதிகம் அழவில்லை. ஆனால் அழுகையை அடக்கிக்கொண்ட அந்த முகம் பார்த்தவர்களை உலுக்கியது. ராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய உளவியலாளர் ஜான் பௌல்பியும், பிரிவுக்கு ஆளான சிறு குழந்தை முதலில் எதிர்க்கிறது, பிறகு துயரத்தில் ஒடுங்குகிறது, அதன்பின் ஒட்டாமல் விலகி நிற்கிறது என்று விளக்கினார்கள். இரண்டாம், மூன்றாம் நிலைகளைத்தான் பெரியவர்கள் 'சமாதானமாகிவிட்டது' என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனையும் நம் வகுப்பும் ஒன்றல்ல. இங்கே குழந்தை அன்றே வீடு திரும்புகிறது. ஆனாலும் அழுகை நிற்பதையே அளவுகோலாக வைக்கக் கூடாது என்பது நமக்கும் பொருந்தும்.

காஞ்சிபுரத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் குடும்பத்துக் குழந்தை, பிறந்ததிலிருந்து அம்மா அப்பாவைக் கண்ணில் படாத தூரத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. அப்பா குழியில் கால் வைத்துத் தறியில் உட்கார்ந்திருப்பார். அம்மா பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். தறிச் சத்தத்திலேயே குழந்தை தூங்கி எழும். அதற்குப் பள்ளி என்பது புது இடம் மட்டுமல்ல, முதல் பிரிவும்கூட.

"ஒரு வாரம் அம்மா வகுப்பில் கூடவே உட்காரட்டும்" என்பது நல்ல ஆலோசனைதான். ஆனால் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் துணைக்கு இன்னொருவர் தேவை. முன்பு அந்தத் துணை இடத்தில் இவ்வூர்ப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள் என்பதை நாம் மறந்துவிட முடியாது. இன்று பல வீடுகளில் அங்கே இருப்பவர் அம்மா. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் அவர் எழுந்து வந்தால் இருவர் வேலையும் நிற்கும். எனவே வராத அம்மாவை அக்கறையற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் இருபது நிமிடம், அதுவும் பாட்டியோ தாத்தாவோ உட்கார்ந்தால் போதும். நான்கைந்து நாட்களில் அதைப் பத்து நிமிடமாக்கி, பிறகு வாசலோடு நிறுத்தலாம்.

2019 சனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்ட 2,381 அங்கன்வாடி மையங்களும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருப்பவை. அதனால் அழும் தம்பிக்கு நாலாம் வகுப்பு அக்காவைக் கூப்பிட்டுவிடுவது நமக்குச் சுலபமான வழியாகிவிடுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் சரி. அதற்கு மேல் போனால் அந்தச் சிறுமியின் பாடம் போகிறது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்பவளும் பெரும்பாலும் அவள்தான்.

விடைபெறும் முறையைப் பற்றிப் பெற்றோரிடம் கட்டாயம் பேச வேண்டும். "கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லி நழுவுவது அன்றைக்கு உதவும். மறுநாள் குழந்தை அம்மாவை ஒரு நொடியும் விடாது. போகிறேன் என்று சொல்லியே போகட்டும். மூன்று மணிக்கு வருவேன் என்றால் மூன்று வயதுக் குழந்தைக்குப் புரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்றால் புரியும். சொன்னபடி வரவும் வேண்டும். "அடம் பிடிச்சா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்று வீட்டில் மிரட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நம்மைப் பூச்சாண்டியாக்கிவிட்டு நம்மிடமே அனுப்பினால் குழந்தை எப்படி ஒட்டும்?

குழந்தையிடம் நாம் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கக் கேட்கிறதா, பையைக் கீழே வைக்கிறதா, விழுந்தால் நம்மைத் தேடி வருகிறதா? வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பங்களும் இவ்வூரில் உண்டு. தண்ணீருக்கும் சிறுநீருக்கும் வீட்டில் என்ன சொல் என்று சேர்க்கையின்போதே கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். பாட்டி சொன்ன பிறகு, அந்தக் குழந்தையை முதல் மணிக்கு முன்பே கைபிடித்து அழைத்துப்போய்க் கழிப்பறையைக் காட்டினேன். இருட்டாக இருந்த அந்த அறைதான் அவளுக்குப் பயம். அதன்பின் கதவைத் திறந்துவைத்து, நான் வெளியே நின்றேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் "டீச்சர், அவன் என் கட்டையைப் பிடுங்கிட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குச் சண்டையை விலக்கவே மனமில்லை.

நாள் முழுக்கச் சிரித்த குழந்தை, அம்மாவைக் கண்டதும் அழுவதும் உண்டு. யாரோ அடித்துவிட்டார்கள் என்று அம்மா பதறுவார். இதுவரை அடக்கிவைத்ததை நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறது என்று விளக்குங்கள்.

பழகிய குழந்தை மறுபடி அழவும் செய்யும். காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டில் இருந்தாலோ, வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு வந்த உறவினரோடு நான்கு நாள் திளைத்தாலோ, திங்கட்கிழமை வாசலில் பழைய காட்சிதான். முதல் முறையைவிட இது சீக்கிரம் அடங்கும். விஜயதசமியன்று சேர்க்கும் குழந்தைகளின் நிலை வேறு. அவர்கள் வரும்போது மற்ற இருபது பேருக்கும் பாட்டு தெரியும், இடம் தெரியும், டீச்சரின் மடி தெரியும். நாமும் ஜூன் மாதப் பொறுமையை அதற்குள் செலவழித்திருப்போம். அவர்களுக்கும் அதே இருபது நிமிடம், அதே பாட்டி, அதே கழிப்பறை அறிமுகம் வேண்டும். கூடவே, ஏற்கெனவே பழகிய ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.