மருந்து தேடும் சல்லடை

நோய்க்கு மருந்து காண்பது, ஒரு மேதையின் உள்ளத்தில் மின்னலெனத் தோன்றும் எண்ணத்தால் நிகழ்வதென்று பலர் கருதுவர். அக்கருத்துக்கு இடந்தரும் கதைகளும் சில உண்டு. ஆயினும், இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் குளிகைகளிற் பல மிகப் பொறுமையான ஒரு தொழிலின் பயனாக வந்தவை. இரசாயனச் சேர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நோய்க்கிருமியின் மீதோ நோயுற்ற விலங்கின் மீதோ இட்டுப் பார்த்து, பயன்படாதவற்றைக் கழித்துப் பயன்படுவதை வைத்துக்கொள்ளும் தொழில் அது. சல்லடையில் மா அரிப்பதற்கு அதனை ஒப்பிடலாம். சல்லடையின் கண் எத்தகையதோ, அதற்கேற்பவே மா விழும். மருந்து தேடுவோருக்குச் சல்லடைக் கண்ணாவது அவர்கள் செய்யும் சோதனை. சோதனை தவறான கேள்வியைக் கேட்குமாயின், கைக்கு வந்த மருந்தும் குப்பையோடு போய்விடும்.

அவ்வாறு போகவிருந்த மருந்தொன்று உண்டு. யேர்மனியின் பிராங்போட் நகரிலே பவுல் எர்லிக் என்னும் அறிஞர், ஆசனிக்கு என்னும் பாஷாணத்தை அடிப்படையாகக் கொண்ட சேர்வைகளை நூற்றுக்கணக்கிற் செய்வித்து, அவற்றுக்கு எண்ணிட்டு வைத்திருந்தார். உடலுக்குத் தீங்கு செய்யாது கிருமியை மட்டும் கொல்லும் நஞ்சொன்று வேண்டுமென்பது அவருடைய நோக்கம். 606ஆம் எண்ணுடைய சேர்வை முன்னரே செய்யப்பட்டு, பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்தது. 1909ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து சகாச்சிரோ ஹாட்டா என்பவர் அவ்வாய்வுகூடத்திற்கு வந்து சேர்ந்தார். முயல்களுக்குச் சிபிலிசு எனப்படும் மேகநோயை உண்டாக்கிச் சோதிக்கும் முறையை அறிந்தவர் அவர். ஒதுக்கப்பட்டவற்றையும் விடாது அம்முயல்களில் அவர் மீண்டும் சோதித்தபோது, 606 அந்நோயைக் குணமாக்குவது தெரியவந்தது. மறு ஆண்டிலே அது சல்வர்சான் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. சேர்வையில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. கேட்கப்பட்ட கேள்வியே மாறியது.

இதனினும் வியப்பானது புரொன்டோசிலின் வரலாறு. 1930ஆம் ஆண்டையொட்டி, யேர்மனியின் சாயத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்திலே கெர்காட் டோமாக் என்னும் வைத்தியர், அங்குள்ள இரசாயனவியலாளர் செய்து கொடுத்த சாயங்களைச் சோதித்து வந்தார். கண்ணாடிக் குழாயில் கிருமிகளை வளர்த்து, அதிற் சேர்வையை இட்டுப் பார்ப்பதே எளிய வழி, செலவும் குறைவு. டோமாக்கோ கிருமி ஏற்றப்பட்ட உயிருள்ள சுண்டெலிகளிலும் சோதிக்க வேண்டுமென்பதில் உறுதியாக நின்றார். 1932ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், செந்நிறச் சாயம் ஒன்று கொடுக்கப்பட்ட எலிகள் உயிரோடிருந்தன, கொடுக்கப்படாதவை மாண்டன. அச்சாயம் குழாயிலுள்ள கிருமியை ஒன்றுமே செய்யவில்லை. 1935ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்ச்சர் நிலையத்தார் காரணத்தைக் கண்டனர். உடலினுள்ளே சாயம் இரண்டாகப் பிளவுபடுகிறது. பிளவுபட்ட துண்டுகளுள் நிறமற்ற சல்பனிலமைட்டே கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கிறது. குழாயை மட்டும் நம்பியிருந்தால், அக்காலத்திற் பிரசவக் காய்ச்சலாலும் நச்சுக்குருதியாலும் மடிந்துகொண்டிருந்தோர்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து கைநழுவியிருக்கும். அதே ஆண்டில் டோமாக்கின் மகளின் கையில் ஊசி குத்தி, அப்புண் நஞ்சேறி, கையையே துண்டிக்க நேருமென்ற நிலை வந்தபோது, தந்தை கொடுத்த புரொன்டோசில் அப்பிள்ளையைக் காத்தது.

கேட்கப்படாத கேள்வி உயிரைக் குடித்ததும் உண்டு. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்பனிலமைட்டை இனிய பானமாக்கி விற்றது. மருந்தைக் கரைப்பதற்காகச் சேர்க்கப்பட்ட டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவம் நஞ்சென்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. சிறுவர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்தை விற்குமுன் அதன் தீங்கின்மையைக் காட்டவேண்டுமென்ற சட்டம் அந்நாட்டில் 1938இல் வந்தமைக்கு இதுவே காரணம்.

சல்லடையைத் தவிர வேறு வழி இல்லையா? உண்டு. பூட்டின் உள்ளமைப்பு தெரிந்தால், அதற்கேற்ற திறவுகோலை அராவிச் செய்யலாமல்லவா? உடலில் நிகழும் வினைகளை நொதியங்கள் என்னும் புரதங்கள் நடத்துகின்றன. ஒவ்வொரு நொதியத்திலும் ஒரு குழி உண்டு. அதிற் பொருந்தும் பொருளே வினைக்கு உட்படும். வினைக்கு உட்படாத வேறொன்றை அக்குழியில் அடைத்துவிட்டால், நொதியம் செயலற்றுப்போகும்.

குருதியமுக்கத்தைக் கூட்டும் நொதியம் ஒன்றை இவ்வாறு அடைத்த வரலாறு பிரேசில் நாட்டின் பாம்பொன்றிலிருந்து தொடங்குகிறது. யராராக்கா என்னும் அவ்விரியனின் நஞ்சிலே குருதியமுக்கத்தைக் குறைக்க உதவும் பொருள்கள் உள்ளனவென்பது, 1960களில் சேர்ஜியோ பெரெய்ராவும் பிறரும் செய்த ஆய்வுகளால் விளங்கிற்று. அப்பொருள்களுள் ஒன்று 9 அமினோவமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. ஊசிவழி ஏற்றினால் நோயாளிக்குப் பயன் கிடைத்தது. விழுங்கினால் உணவிலுள்ள புரதத்தைப்போல அதுவும் சமித்துப்போயிற்று. நாள்தோறும் ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டிய மருந்துக்கு இது உதவாது. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒண்டெட்டியும் வேறு சேர்வைகள் பலவற்றைச் சல்லடையிலிட்டுப் பார்த்தும் பயன் காணவில்லை.

இந்நிலையிலே, 1973ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அவர்களுக்கு வழி காட்டியது. கணையத்திலுள்ள வேறொரு நொதியத்தை ஒரு சிறு சேர்வை தடுப்பதை அக்கட்டுரை விளக்கியது. அந்நொதியத்தின் வடிவம் முன்னரே அறியப்பட்டிருந்தது; அதன் குழியிலே துத்தநாக அணு ஒன்று இருந்தது. தாம் ஆராயும் நொதியமும் அதன் உறவினதாயிருக்கலாமென இருவரும் ஊகித்தனர். தாம் கண்டிராத பூட்டுக்கு, அதன் தமையன் போன்ற இன்னொரு பூட்டைப் பார்த்துத் திறவுகோல் வரைந்தனர் எனலாம். முதலிற் செய்த சேர்வை குழியில் மெதுவாகவே பற்றியது. துத்தநாகத்தை இறுகப் பற்றுவது கந்தகமென்பதை எண்ணி, சேர்வையின் நுனியிற் கந்தகத்தை அமைத்தபோது, அதன் ஆற்றல் ஆயிரம் மடங்கிற்கு மேல் உயர்ந்தது. இடக்கையும் வலக்கையும்போல ஒன்றின் நிழலுருவாய் மற்றொன்று அமையும் இரு வடிவங்களுள், சரியானதைத் தனியே ஆக்குவதும் இரசாயனவியலாளரின் பொறுப்பாயிற்று. இவ்வாறு பிறந்த கப்டொப்ரில் 1977இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டு, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனித நொதியத்தின் உண்மையான வடிவமோ 2003ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது! கணினியின் துணையின்றி, தாளும் எழுதுகோலும் கொண்டு வரைந்த ஊகம் அத்துணை செம்மையாயிருந்தது.

அதே வேலையைப் பின்னர் கணினிகள் ஏற்றன. எக்ஸ் கதிர்களைப் பளிங்கின் ஊடே செலுத்தி அறிந்த புரத வடிவத்தைக் கணினிக்குக் கொடுத்தால், அது இலட்சக்கணக்கான சேர்வைகளை அக்குழியிற் பொருத்திப் பார்த்து, நன்கு பொருந்துமெனத் தோன்றுபவற்றை வரிசைப்படுத்தித் தரும். இதனாற் காலமும் பொருளும் மிஞ்சுகின்றன. ஆனால் புரதம் இரும்புப் பூட்டன்று. அது வளையும், நெளியும். நீர் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்திருக்கும். கணினியின் கணக்கில் முதலிடம் பெற்ற சேர்வை குழாயில் ஒன்றுஞ் செய்யாதிருப்பது அன்றாட நிகழ்ச்சி. பட்டியலிலுள்ள சேர்வைகள் சில செய்வதற்கே அரியனவாக இருத்தலும் உண்டு.

வடிவத்தைக் கொடாது, அனுபவத்தையே கொடுத்துக் கணினியைப் பழக்கும் முறையும் வந்துள்ளது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிலையத்தார் 2,335 சேர்வைகளைப் பற்றீரியாவில் இட்டுச் சோதித்து, வளர்ச்சியைத் தடுத்தவை இவை, தடுக்காதவை இவையென்று கணினிக்குக் கற்பித்தனர். பின்னர், வேறு நோய்களுக்கென ஆராயப்பட்ட ஏறத்தாழ 6,000 சேர்வைகளை அதன் முன் வைத்தனர். பற்றீரியாவைத் தடுப்பதோடு, வழக்கிலுள்ள நுண்ணுயிர்க்கொல்லிகளின் சாயலற்றதாகவும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த நிபந்தனை. பழைய மருந்துகளின் சாயலுடையதெனின், அவற்றுக்குப் பழகிவிட்ட கிருமிகள் அதனையும் எதிர்த்து நிற்றல் கூடும். இந்நிபந்தனையிலேயே அவர்களுடைய மதிநுட்பம் விளங்குகிறதெனல் தகும். அதன்படி முன்வந்த சேர்வை, நீரிழிவுக்கென ஒருகால் ஆராயப்பட்டது. ஹலிசின் எனப் பெயரிடப்பட்ட அது, வேறு மருந்துகளுக்கு அடங்காத அசினெற்றோபக்டர் கிருமியால் தோலிற் புண்ணுற்ற சுண்டெலிகளைக் குணமாக்கியது. எர்லிக்கின் 606ஐப் போலவே இதுவும் அதுவரை அலுமாரியிற் கிடந்த பொருளே.

அதன்பின் 10 கோடிக்கு மேற்பட்ட சேர்வைகளின் விவரங்களைச் சில நாள்களிலேயே அக்கணினி ஆராய்ந்தது. மனிதர் கையால் அத்தனையையுஞ் சோதிப்பது நினைக்கவும் இயலாதது. அவற்றுள் 23 சேர்வைகள் தெரிந்தெடுக்கப்பட்டு, ஆய்வுகூடத்திற் கிருமிகளின் மீது இடப்பட்டன. 8 சேர்வைகள் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தன. அவற்றுள்ளும் இரண்டே பலவகைக் கிருமிகளை வலிமையோடு எதிர்த்தன.