எந்த சிடியை முதலில் ஏற்றுவது?

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுப் பரணிலிருந்து சிடிப் பெட்டியை இறக்கினால் பெரும்பாலும் மூன்று ரகம் இருக்கும்: இளையராஜா, ரகுமான் படங்களின் கம்பெனி சிடி; நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடி; கடையில் 'ரைட்' பண்ணி வாங்கி, மார்க்கரில் பெயர் எழுதிய சிடி. ஊர்த் தெருக்கூத்து, கல்யாண நாதஸ்வரம், கல்வராயன் மலையில் யாரோ பதிந்துவந்த பாட்டு எல்லாம் மூன்றாவதில்தான். கம்ப்யூட்டரில் ஏற்ற உட்காருகிறவர்கள் ஆசையாகக் கம்பெனி சிடியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

கம்பெனி சிடியில் இசை, பிளாஸ்டிக்கில் அச்சடித்த நுண்குழிகளாக இருக்கிறது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக்கிய பதிவு அது. ரைட் பண்ணிய சிடியில் குழியே கிடையாது. சாயப் பூச்சு ஒன்றை லேசர் சுட்டு அடையாளம் வைத்திருக்கிறது. வெயிலும் புழுக்கமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றிவிடும். தகரக்கூரைப் பரண் அதற்கு ஆகாத இடம்.

கீழ்ப்பக்கக் கீறலைப் பார்த்துப் பதற வேண்டாம், அங்கே 1.2 மி.மீ. கனத்துக்குப் பிளாஸ்டிக் காவல். பெயர் எழுதும் மேல்பக்கம்தான் ஆபத்து. மெல்லிய அரக்குக்கு அடியிலேயே உலோகப் பூச்சு இருப்பதால் பால்பாயின்ட் பேனா முனையே பாட்டைக் கிழித்துவிடும். டியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பூச்சு போய்விட்டது.

படிக்க முடியாத இடத்தில் டிரைவ் சும்மா இருக்காது. பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பிவிடும். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருள் சந்தேகப்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். கம்பெனி சிடி என்றால், அதே சிடியை ஏற்றிய மற்றவர்களின் கணக்கோடும் இணையம் வழியே சரிபார்க்கலாம். உங்கள் ஊர்க் கூத்துக்கு அப்படித் துணைப்பிரதி ஏது? இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றா என்று நீங்களே பார்க்க வேண்டியதுதான்.

சேமிக்க ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம் போதும். ஒரு மணி நேர இசையின் 635 எம்பி ஏறக்குறையப் பாதியாகும், ஒலியில் ஒரு துளி குறையாது. எம்பி3 சிடியை அப்படியே காப்பி எடுங்கள். அதை ஃபிளாக் ஆக்கினால் கோப்புதான் பருக்கும், எம்பி3 ஆக்கியபோது விட்டுப்போன ஒலி திரும்பாது.

பாட்டுப் பெயர்களைப் பெரும்பாலான ஆடியோ சிடி சுமப்பதில்லை. எத்தனை டிராக், எவ்வளவு நீளம் என்பதை வைத்து மென்பொருள் இணையத்தில் தேடிப் போடுகிறது. கூத்து சிடிக்கு எதுவும் வராது. வேஷம் கட்டியவர் யார், எந்த வருஷத் திருவிழா என்று தெரிந்த பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து யூனிகோட் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும்.