வெறுமையில் விளையும் வேதியியல்

இரவு வானில் இரு விண்மீன்களுக்கு இடையே தெரியும் கருமை, முற்றிலும் வெற்றிடமன்று. அங்கு மிக மெல்லிய வளிமமும் நுண்தூசும் பரவியுள்ளன. சில பகுதிகளில் அவை திரண்டு முகில்களாகின்றன. அத்தகைய அடர்முகிலில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மூலக்கூறுகளே இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே அளவு இடத்தில் உள்ள மூலக்கூறுகளை எண்ணால் எழுத, 25ஐத் தொடர்ந்து 18 சுழியங்கள் இடவேண்டும். முகிலின் வெப்பநிலையோ சுமார் –263 டிகிரி செல்சியஸ். வெப்பமும் நெருக்கமும் இல்லாத இவ்விடத்தில் வேதிவினை நிகழுமா?

நிலையற்றவை நிலைக்கும் இடம்

1937 முதல் 1941 வரையிலான ஆண்டுகளில், விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்த அறிஞர்கள் இடைவெளியில் ஈரணு மூலக்கூறுகள் இருப்பதை உணர்ந்தனர். ஒரு கார்பன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்தது அவற்றுள் ஒன்று. எரிவாயு அடுப்பின் நீலச்சுடரிலும் இது தோன்றுகிறது. ஆயினும் தோன்றிய கணமே வேறொன்றுடன் வினைபுரிந்து மறைகிறது. காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை பிறவற்றோடு மோதுகிறது. விண்முகிலில் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே நாள்கள் கழியலாம். வினைபுரியத் துணை கிட்டாமையால் அங்கு நிலையற்ற மூலக்கூறும் நீடிக்கிறது.

முதற்படியாகும் அயனி

மோதல் நிகழ்ந்தாலும் வினை தொடங்க ஆற்றல் வேண்டும். கடுங்குளிரில் அவ்வாற்றல் எங்கிருந்து வரும்? விடை மின்னூட்டத்தில் உள்ளது. காஸ்மிக் கதிர்கள் முகிலை ஊடுருவி ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகின்றன. இவ்வாறு உண்டான அயனி, மற்றொரு ஹைட்ரஜன் மூலக்கூறைச் சந்திக்கும்போது மூன்று அணுக்கள் கொண்ட ஹைட்ரஜன் அயனி பிறக்கிறது. எஞ்சிய ஓர் அணு விடுபடுகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட அயனி அருகில் வரும் மூலக்கூறைத் தன்பால் ஈர்ப்பதால், இத்தகைய வினைகள் பலவற்றுக்கு வெப்பம் தேவைப்படுவதில்லை.

மூவணு அயனி தன் புரோட்டான் ஒன்றைப் பிறவற்றுக்கு எளிதில் ஈந்துவிடும். ஆக்சிஜன் அணு அதனைப் பெற்றால், அடுத்தடுத்து இரு ஹைட்ரஜன் மூலக்கூறுகளிடமிருந்து ஒவ்வோர் அணுவை ஏற்கிறது. இறுதியில் ஓர் எலக்ட்ரானுடன் கூடி, ஒரு ஹைட்ரஜன் அணுவை விடுத்துத் தண்ணீர் மூலக்கூறாக மாறலாம். விண்வெளியில் தண்ணீர் உருவாகும் வழிகளுள் இதுவும் ஒன்று.

கருத்தும் சான்றும்

இவ்வினைத் தொடரை 1973ஆம் ஆண்டில் எரிக் ஹெர்ப்ஸ்டும் வில்லியம் கிளெம்பரரும் ஒருபுறமும், வில்லியம் வாட்சன் மறுபுறமும் தனித்தனியே முன்வைத்தனர். ஆனால், அக்கருத்துக்கு அடித்தளமான மூவணு அயனியை விண்முகிலில் எவரும் கண்டதில்லை. ஜே. ஜே. தாம்சன் 1911ஆம் ஆண்டிலேயே அதனை மின்னிறக்கக் குழாயில் கண்டறிந்திருந்தார். எனினும், அதன் மூன்று அணுக்களும் சமபக்க முக்கோணமாக அமைந்திருப்பதால், பிற மூலக்கூறுகளைக் காட்டிக்கொடுக்கும் வானொலி அலைக் குறிகள் இதனிடம் இல்லை. அகச்சிவப்பு ஒளியில்தான் தேடவேண்டும். எந்த அலைநீளத்தில் தேடுவது என்பதும் தெரியவேண்டும்.

தகேஷி ஓகா 1980ஆம் ஆண்டில் ஆய்வகத்தில் அதன் அகச்சிவப்பு நிறமாலையை அளந்தார். அந்த அளவைக் கையில் கொண்டு வானில் தேடலானார். பலமுறை முயன்றும் பயன் கிட்டவில்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1996இல், ஹவாய்த் தீவின் மௌனா கியா மலைமீதுள்ள தொலைநோக்கியின் வழியே அவரும் தாமஸ் கெபாலேயும் அதனைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். கணக்கில் மட்டும் இருந்த முதற்படி கண்டறியப்பட்ட உண்மையாயிற்று.

ஒரு பொருள் நிலையற்றது என்று கூறும்போது, எந்தச் சூழலில் என்றும் கேட்கவேண்டும் என்பதை இம்மூலக்கூறுகள் கற்பிக்கின்றன. ஆய்வகத்தில் கணப்பொழுதில் மறையும் அயனியே விண்மீன்களுக்கு இடையே ஒரு நீண்ட வேதியியலைத் தொடங்கி வைக்கிறது.