மருந்தின் உருவை மாற்றும் நொதி

ஜொகூரில் குளுவாங் மாவட்டத்து பாலோவைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இத்தகைய தோட்டங்களில்தான் மலாயாக் காலத்தில் ‘ஸ்க்ரப் டைபஸ்’ காய்ச்சல் பாட்டாளிகளை வாட்டியது. எலிகளின் உடலிலும் லாலான் புல்லிலும் தொற்றியிருக்கும் மிகச் சிறிய உண்ணிப்புழு கடித்த இடத்தில் கருத்த பொருக்கு கட்டும். பிறகு கடும் காய்ச்சல் அடிக்கும். அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது.

1948-இல் ஜோசப் ஸ்மாடல் தலைமையிலான அமெரிக்கக் குழு குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தோடு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கு வந்தது. வெனிசுவேலா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து அதற்கு முந்திய ஆண்டுதான் அது பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. மருந்து உட்கொண்டவர்களுக்குக் காய்ச்சல் விரைவில் இறங்கியது. டைபஸ் என்று கருதிச் சிகிச்சை அளித்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினார்கள். டைபாய்டை வெல்லும் முதல் மருந்து உலகுக்குக் கிடைத்தது மலாயாவில்தான்.

அந்த வெற்றி கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. 1972-இல் மெக்சிகோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் குளோராம்ஃபெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது.

பாக்டீரியா உயிர்வாழப் புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துவதே குளோராம்ஃபெனிகாலின் வழி. எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவோ குளோராம்ஃபெனிகால் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதியைத் தனக்குள் உருவாக்குகிறது. அது மருந்தை உடைப்பதில்லை. செல்லில் எப்போதும் இருக்கும் அசிட்டைல் கோஎன்சைம்-ஏ என்ற பொருளிலிருந்து ஒரு சிறு அசிட்டைல் தொகுதியை எடுத்து, மருந்து மூலக்கூறின் ஹைட்ராக்சில் முனையில் பொருத்திவிடுகிறது. முனையில் டேப் சுற்றிய பிளக் சுவரில் செருகாததுபோல, மருந்து ரைபோசோமில் பொருந்தாமல் போகிறது.

இந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். வேறு இனத்துக்கும் கொடுக்கும். மருந்து புழங்கும் இடத்தில் அந்த மரபணு உள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகும். குளோராம்ஃபெனிகாலின் புழக்கம் குறைந்தபின், இந்தியாவின் பல பகுதிகளில் டைபாய்டு கிருமி மீண்டும் அதற்குக் கட்டுப்படத் தொடங்கியிருப்பதே இதற்குச் சான்று.

ஆகவே சளிக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்ததை மட்டும், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.