ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட் (இசைத்தொகுப்பு)

"ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்" என்பது அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான லாரி நார்மன் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட கிறித்தவ ராக் இசைத்தொகுப்பு ஆகும். இத்தலைப்புக்கு, "இக்கோளுக்கு வந்துபோகும் விருந்தாளி மட்டுமே" என்று பொருள் கொள்ளலாம். எம்.ஜி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த வெர்வ் இசைத்தட்டு நிறுவனம் இதனை வெளியிட்டது. 2014 ஆம் ஆண்டில், அமெரிக்கக் காங்கிரசு நூலகம் பேணிவரும் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இத்தொகுப்பு சேர்க்கப்பட்டது. அப்பதிவேட்டில் இடம்பெற்ற முதல் கிறித்தவ ராக் தொகுப்பு இதுவே.

பின்னணி

1950-களில் ராக் அண்ட் ரோல் இசை தோன்றியபோதே அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அதன் தாளம் இளைஞர்களை ஒழுக்கக் கேட்டுக்கு இட்டுச்செல்லும் எனப் போதகர்கள் எச்சரித்தனர். 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், தாங்கள் இயேசுவைவிடப் புகழ்பெற்றுவிட்டதாகக் கூறிய செய்தி அமெரிக்காவில் பரவியதும், தென் மாநிலங்களில் அக்குழுவின் இசைத்தட்டுகள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு பாப் லார்சன் என்பவர் ராக் இசையைச் சாத்தானின் கவனத்திருப்பல் எனத் தலைப்பிலேயே குறிப்பிட்டு ஒரு நூல் எழுதினார்.

இதே காலத்தில் கலிபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்களிடையே இயேசு இயக்கம் என அறியப்படும் சமய எழுச்சி தோன்றியது. நீண்ட முடியும் வெறுங்காலுமாக வந்த இவர்களை எல்லாச் சபைகளும் வரவேற்கவில்லை. கோஸ்டா மேசா நகரிலிருந்த கால்வரி சேப்பல் போன்ற சில சபைகளே கதவைத் திறந்தன. தாங்கள் கேட்டு வளர்ந்த இசையிலேயே தங்கள் நம்பிக்கையைப் பாட இவ்விளைஞர்கள் விரும்பினர். அது தகுமா, தகாதா என்பதே அன்றைய விவாதம்.

லாரி நார்மன்

லாரி நார்மன் 1947 ஏப்ரல் 8 அன்று டெக்சாசு மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் பிறந்தார். அவர் பாடகராக இருந்த பீப்பிள் என்னும் குழுவின் "ஐ லவ் யூ" பாடல், 1968-இல் பில்போர்டு தரவரிசையில் 14-ஆம் இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டிலேயே அவர் குழுவை விட்டு விலகினார். 1969-இல் கேப்பிட்டல் நிறுவனம் அவருடைய முதல் தனித் தொகுப்பான "அபான் திஸ் ராக்"கை வெளியிட்டது. முதல் கிறித்தவ ராக் தொகுப்பு எனப் பலர் குறிப்பிடுவது இதனையே. ஆயினும் விற்பனை குறைவாக இருந்ததால் கேப்பிட்டல் அவரைக் கைவிட்டது. அதன்பின் "ஸ்ட்ரீட் லெவல்" போன்ற தொகுப்புகளை அவர் சொந்த முயற்சியில் வெளியிட்டார்.

ஒலிப்பதிவு

எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டபின், இத்தொகுப்பு இலண்டனில் உள்ள ஏர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் தம் நண்பர்களுடன் நிறுவிய கூடம் அது. ராட் எட்வர்ட்ஸ், ரோஜர் ஹேண்ட், ஜான் மில்லர் ஆகியோர் இதனைத் தயாரித்தனர். பின்னாளில் கிங் கிரிம்சன், ஏசியா ஆகிய குழுக்களால் அறியப்பட்ட ஜான் வெட்டன் பேஸ் கித்தார் வாசித்தார். அக்காலத்தில் சமயப் பாடல்கள் பெரும்பாலும் குறைந்த செலவில் பதிவு செய்யப்பட்டன. இத்தொகுப்பின் ஒலித்தரமோ அன்றைய முன்னணி ராக் இசைத்தட்டுகளுக்கு நிகராக இருந்தது.

அட்டைப்படத்தில் நார்மன் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தலைமீது கை வைத்தபடி திகைத்து நிற்கிறார். தொகுப்பின் தலைப்புக்கு இப்படம் நன்கு பொருந்துகிறது.

பாடல்கள்

தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. வழக்கமான துதிப்பாடல்கள் அல்ல இவை. கோயிலுக்குள் இருப்பவரைக் காட்டிலும் வெளியே நிற்பவரை நோக்கியே பெரும்பாலானவை பேசுகின்றன.

"வை டோன்ட் யூ லுக் இன்டு ஜீசஸ்" என்னும் பாடல் குடி, போதைமருந்து, பால்வினை நோய் ஆகியவற்றை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. "தி அவுட்லா" இயேசுவைச் சட்டத்துக்குப் புறம்பானவர், கவிஞர், மந்திரவாதி, அரசியல்வாதி எனப் பலர் பலவாறு கண்டதை அடுக்கிச்சொல்லி, இறுதியில் இறைமகன் என்னும் நம்பிக்கையில் வந்து நிற்கிறது. "ஐ ஆம் தி சிக்ஸ் ஓ'கிளாக் நியூஸ்" வியட்நாம் போரின் சாவுகளை உணர்ச்சியின்றிச் செய்தியாக்கும் தொலைக்காட்சியைச் சாடுகிறது. "தி கிரேட் அமெரிக்கன் நாவல்" நிறவெறியையும் போரையும் கண்டிப்பதோடு, வறியவர் பசித்திருக்கையில் நிலவுப் பயணத்துக்குச் செலவிடுவதையும் கேள்வி கேட்கிறது.

"ஐ விஷ் வீட் ஆல் பீன் ரெடி" முதல் தொகுப்பிலேயே இடம்பெற்று, இங்கு மீண்டும் பதிவான பாடல். கிறித்து திரும்பி வரும்போது நம்பிக்கையாளர்கள் திடீரென எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் விடப்படுவார்கள் என்னும் கருத்தை இது பாடுகிறது. 1972-இல் வெளிவந்த "எ தீஃப் இன் தி நைட்" என்னும் கிறித்தவத் திரைப்படத்திலும் இப்பாடல் பயன்பட்டது.

ராக் இசை பற்றிய விவாதத்துக்கு நேரடி விடையாக அமைந்தது "வை ஷுட் தி டெவில் ஹாவ் ஆல் தி குட் மியூசிக்" ஆகும். நல்ல இசை முழுவதும் சாத்தானுக்கே ஏன் சேர வேண்டும் என்பது இதன் வினா. இவ்வினா புதியதன்று. மார்ட்டின் லூதர் முதல் வில்லியம் பூத் வரை பலர் கூறியதாக வழங்கிவருவது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பூத்தின் இரட்சணிய சேனை, கேளிக்கை அரங்குகளின் மெட்டுகளில் சமயச் சொற்களை அமைத்துத் தெருவில் பாடியது. நார்மன் அதே வாதத்தைத் தம் காலத்துத் தாளத்தில் வைத்தார். இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு 1978-இல் இப்பாடலைப் பாடி வெளியிட்டார்.

தொகுப்பின் தலைப்பு "ரீடர்ஸ் டைஜெஸ்ட்" பாடலின் ஒரு வரியிலிருந்து எடுக்கப்பட்டது. பேச்சுநடையில் அமைந்த இப்பாடல் அன்றைய ராக் நட்சத்திரங்களைக் கேலிசெய்கிறது. லெனனின் 1966 கூற்றும் இதில் வம்புக்கு இழுக்கப்படுகிறது.

வரவேற்பு

தொகுப்பு இருபுறமும் இடர்ப்பட்டது. இயேசுவைப் பற்றிய பாடல்கள் என்பதால் பொது வானொலி நிலையங்கள் தயங்கின. ராக் இசையும் ஒளிவுமறைவற்ற சொற்களும் இருந்ததால் கிறித்தவப் புத்தகக் கடைகள் தயங்கின. கிறித்தவ ராக் இசைக்கெனத் தனிச் சந்தை அப்போது உருவாகவில்லை. சமயச் சபைக்கு வெளியே இருப்பவருக்காகப் பாடிய கலைஞருக்கு, அவர்களைச் சென்றடையும் வழியே அடைபட்டிருந்தது.

பின்னர் "சோ லாங் அகோ தி கார்டன்" (1973), "இன் அனதர் லேண்ட்" (1976) ஆகியவற்றோடு சேர்த்து இது முத்தொகுப்பாகக் கருதப்பட்டது. 2001-இல் சி.சி.எம். இதழ் வெளியிட்ட 100 சிறந்த கிறித்தவ இசைத்தொகுப்புகளின் பட்டியலில் இது இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் ஏமி கிராண்டின் "லீட் மீ ஆன்" தொகுப்புக்குக் கிடைத்தது.

தேசியப் பதிவேட்டில்

அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் இயற்றிய சட்டத்தின்படி தேசிய ஒலிப்பதிவுப் பதிவேடு உருவானது. பண்பாட்டு, வரலாற்று அல்லது கலைச் சிறப்புடைய, குறைந்தது பத்து ஆண்டு பழைமையுள்ள 25 ஒலிப்பதிவுகள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. விற்பனை அளவோ சமயச் சார்போ இதற்கு அளவுகோல் அல்ல. 2014 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 2013-ஆம் ஆண்டுப் பட்டியலில், யூ2 குழுவின் "தி ஜோஷுவா ட்ரீ", ஜெஃப் பக்லி பாடிய "அல்லேலூயா" ஆகியவற்றுடன் இத்தொகுப்பும் இடம்பெற்றது. கிறித்தவ ராக் இசையின் தொடக்க வரலாற்றில் முதன்மையான படைப்பு என்று நூலகம் இதனை மதிப்பிட்டது.

நார்மன் இதனைக் காண உயிருடன் இல்லை. அவர் 2008 பிப்ரவரி 24 அன்று ஒரிகன் மாநிலத்தின் சேலம் நகரில், தம் 60-ஆம் வயதில் காலமானார். கடைக்காரர்கள் அடுக்கி வைக்கத் தயங்கிய இசைத்தட்டு, அமெரிக்காவின் ஒலி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக இன்று பேணப்படுகிறது.