திருவாலங்காட்டில் தொடங்கி: ஐந்து சபைகளையும் ரயிலில் பார்க்க

நடராசர் ஆடிய அம்பலங்கள் ஐந்து. திருவாலங்காட்டில் ரத்தின சபை, சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. இந்த ஐந்து பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களில் பலர் ஐந்தையும் ஒரே பயணத்தில் பார்த்ததில்லை. சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் எப்படியோ ஒரு காரணம் வாய்த்துவிடுகிறது. திருவாலங்காடு விட்டுப்போகிறது. குற்றாலத்துக்குப் போனாலும் அருவியில் குளித்துவிட்டுச் சித்திர சபையைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம்.

ஐந்துமே ரயில் போகிற ஊர்கள். குற்றாலத்துக்கு மட்டும் பக்கத்திலுள்ள தென்காசியில் இறங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கையில் இருந்தால், காரும் டிரைவரும் இல்லாமல், வட எல்லையில் தொடங்கித் தெற்கே மலையடிவாரம் வரை ஐந்தையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். அதற்கான திட்டம்தான் இது.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ரயில் நேரம் அல்ல, நடை சாத்தும் நேரம். பெரும்பாலான சிவன் கோயில்களில் உச்சிக்காலம் முடிந்ததும், பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை நான்கு, ஐந்து ஆகிவிடும். பகலில் நான்கு மணி நேரம் கோயில் வாசலில் உட்கார்ந்து வீணாக்குகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த நான்கு மணி நேரத்தில் ரயிலில் இருங்கள். மதியம் பயணம், மாலையில் ஒரு தரிசனம், இரவு அந்த ஊரிலேயே தங்கல், காலையில் இன்னொரு தரிசனம், மதியம் மறுபடி ரயில். இந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு சபையையும் இருமுறை பார்க்கலாம், மாலை விளக்கொளியில் ஒருமுறை, காலை வெளிச்சத்தில் ஒருமுறை. கல்லும் செம்பும் இரண்டு வெளிச்சத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

தொடக்கம் திருவாலங்காடாக இருக்கட்டும். சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம், திருத்தணி போகும் புறநகர் ரயிலில் ஏறினால் சுமார் 60 கிலோமீட்டர். திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டினால் திருவாலங்காடு. எக்ஸ்பிரஸ் நிற்காது, விரைவு மின்சார ரயில்களும் எல்லாம் நிற்பதில்லை, அதனால் ஏறும்முன் கேட்டுவிடுங்கள். இது சாதாரணப் பாதையும் அல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது அரக்கோணம் வழியாகப் போகும் இந்தப் பாதையில்தான். நடை திறந்திருக்கும்போது போய்ச் சேர வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் சென்னையை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆட்டோதான் துணை. திரும்பி வரவும் அதே ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரும் காலைச் சாப்பாடும் கையோடு கொண்டுபோகலாம். ஊர் சிறியது.

சிறிய ஊர் என்பதுதான் அதன் அழகும். வடாரண்யேஸ்வரர், வண்டார்குழலி அம்மை என்று சுவாமிக்கும் அம்மனுக்கும் பெயர். ஆனால் முதலில் போக வேண்டியது குளக்கரையில் தனிக்கோயிலில் இருக்கும் காளியிடம். காளிக்கும் சிவனுக்கும் ஆட்டப் போட்டி நடந்த இடம் இது. காதிலிருந்து விழுந்த குழையைக் காலாலேயே எடுத்து மறுபடி காதில் மாட்ட, சிவன் காலை வானோக்கித் தூக்கினார், காளி அதற்குமேல் ஆடாமல் நின்றுவிட்டாள் என்பது கதை. தோற்றவளைக் கும்பிட்ட பிறகே ஆடி வென்றவரிடம் போக வேண்டும் என்று ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்களே, அதற்காகவே இந்த ஊரை எனக்குப் பிடிக்கும். ரத்தின சபையில் நடராசருடைய அந்த ஊர்த்துவ தாண்டவக் கோலத்தைப் பார்க்கும்போது, காரைக்கால் அம்மையாரையும் தேடிப் பாருங்கள். எலும்பும் தோலுமாக, அழகை வேண்டாமென்று உதறிய உருவம். கயிலைக்குத் தலையாலேயே நடந்துபோன அம்மையார், இறைவனின் ஆட்டத்தை என்றும் அவன் காலடியிலிருந்து பாடிக்கொண்டிருக்க வரம் கேட்டார் என்றும், அதற்கு இறைவன் காட்டிய ஊர் திருவாலங்காடு என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. அவர் தலையால் நடந்து வந்த மண்ணில் கால் வைக்கத் தயங்கித் திருஞானசம்பந்தர் பக்கத்து ஊரில் தங்கினார் என்பார்கள்.

பழையனூர் என்ற பெயரும் காதில் விழும். நீலி கதையின் பழையனூர் இதுதான். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர்கள் தீயில் இறங்கியதாகச் சொல்லும் கதை அது. முதலாம் ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததும் இதே பழையனூரைத்தான். அந்தக் கொடையை எழுதிய 31 செப்பேடுகள் 1905-ல் இந்த ஊரில் கிடைத்தன. சோழர் வம்ச வரலாற்றுக்கு இன்றும் முதல் ஆதாரங்களில் ஒன்று, திருவாலங்காட்டுச் செப்பேடு.

திருவாலங்காட்டின் மிகப் புகழ்பெற்ற நடராசரைப் பார்க்கவோ சென்னைக்குத்தான் வர வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் இருக்கிறார். சுற்றிலும் தீச்சுடர் வட்டம் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. அதனாலேயே உடலின் ஓட்டம், இடுப்பு திரும்பும் இடம், தூக்கிய காலின் சமநிலை எல்லாம் மறைப்பின்றித் தெரியும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னை அருங்காட்சியக நடராசர்களின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து ஒரு கட்டுரை எழுதினார், அவர் இறந்த பிறகு 1921-ல் அது அச்சானது. படத்தில் பார்த்தவரே அப்படி எழுதினார். நமக்கு நேரில் பார்க்கும் வாய்ப்பு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவாலங்காடு போவதற்கு முந்தைய நாள் மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

திருவாலங்காட்டில் காலைத் தரிசனம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் திருத்தணி. அரக்கோணத்துக்கு அப்பால், ரேணிகுண்டா பாதையில் இருக்கிறது. திருவாலங்காட்டுக் கோயிலின் நிர்வாகமும் திருத்தணி முருகன் கோயில் தேவஸ்தானத்தைச் சேர்ந்ததுதான். மலையேற 365 படிகள், வண்டிப் பாதையும் உண்டு. வெயில் தாழ்ந்த பிறகு ஏறினால் சுற்று வட்டாரம் முழுக்கக் கண்ணில் விரியும். 1953-ல் ஆந்திராவோடு போன திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் பக்கம் திரும்பி வந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தை நினைக்காமல் அந்த மலையில் நிற்பது சரியல்ல என்பேன்.

அடுத்தது சிதம்பரம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு பாதை போகிறது. சென்னைக்குத் திரும்பாமலே தெற்கே இறங்கிவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். ஆனால் அதில் ரயில்கள் குறைவு, ஒன்று தவறினால் நாள் போய்விடும். காஞ்சிபுரத்தில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் அந்தப் பாதையை எடுங்கள். மற்றவர்கள் இரவு சென்னைக்குத் திரும்பி, மறுநாள் காலை சோழன் எக்ஸ்பிரஸில் ஏறுவது நல்லது. விழுப்புரம், கடலூர் வழியாக, சிதம்பரத்தில் நண்பகலை ஒட்டி இறக்கிவிடும். எழும்பூரில் வேலை நடக்கும் காலங்களில் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் அறை எடுத்து, சிதம்பரம் கொத்சோடு ஏதாவது சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலையில் கோயிலுக்குப் போங்கள்.

சிதம்பரத்தைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இரண்டு விஷயங்கள் மட்டும். ஒன்று, காலை பத்து மணியை ஒட்டி நடக்கும் ஸ்படிக லிங்க, ரத்தின சபாபதி அபிஷேகம். சிறிய மாணிக்க நடராசரின் பின்பக்கம் கற்பூர ஆரத்தியைக் காட்டும்போது ஒளி உருவத்தை ஊடுருவிச் சிவப்பாக வரும். அந்த ஒரு கணத்துக்காகவே மறுநாள் காலையும் சிதம்பரத்தில் இருக்க வேண்டும். இரண்டு, கோபுர வாசல்களின் உட்சுவரில் இருக்கும் 108 கரணச் சிற்பங்கள். தரிசன அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். வாசலில் ஓரமாக நின்று, ஒரு கரணத்திலிருந்து அடுத்ததற்குக் கால் எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். ஊர் எல்லையில் தில்லைக் காளி கோயில் இருக்கிறது. காளியோடு ஆடிய கதையை இங்கும் சொல்வார்கள். திருவாலங்காட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கதை இன்னும் நெருக்கமாகக் கேட்கும்.

நண்பகலில் அதே சோழனைப் பிடித்தால் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. இந்தப் பயணத்தின் நல்ல ஜன்னல் இருக்கை இங்கேதான், கொள்ளிடம் தாண்டியதும் வழிநெடுகக் காவிரிப் படுகை வயல். அபிஷேகம் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க நேரம் நெருக்கடியாக இருந்தால் மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போய் அங்கிருந்து ஏறலாம். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில்களுக்குப் பஞ்சமில்லை. மாலையில் வரும் வைகை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மதுரையில் சேர்த்துவிடும், ஊரும் விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

மதுரையில் வெள்ளியம்பலத்தைக் கேட்டுப் போங்கள். மீனாட்சி சன்னதிக் கூட்டத்தோடு நகர்ந்து, அப்படியே வெளியே வந்துவிடுகிறவர்கள் அதிகம். சுவாமி சன்னதிப் பகுதியில், இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி நிற்கும் நடராசர் இருக்கிறார். மற்ற இடங்களிலெல்லாம் தூக்கியிருப்பது இடக்கால். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டியன் ராஜசேகரன் மனம் வருந்திக் கேட்க, அவனுக்காகக் கால் மாறி ஆடினார் என்கிறது திருவிளையாடல் புராணம். நாட்டியம் கற்றுக்கொண்ட ஒரு ராஜா தன் கால் வலியிலிருந்து சாமியின் கால் வலியை நினைத்துப் பார்த்தான். ஐந்து சபைக் கதைகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். இந்தக் கோயிலுக்குள் செல்போன் கூடாது, வாசலில் ஒப்படைக்க வேண்டும். அரைக்கால் சட்டை போட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியை ஸ்டேஷன் காப்பறையில் போடலாம், ஸ்டேஷன் ஓய்வறையையும் டிக்கெட் எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி மூன்று மணி நேரத்துக்குள். கோயில் ஜங்ஷனில் இல்லை, டவுனில். நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபைக்கு மேலே செப்புக் கூரை, உள்ளே மரம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்க வேண்டிய மரச் செதுக்கு வேலை அது. இசைத் தூண்களும் இங்கே உண்டு, தட்டிப் பார்க்க ஆசை வரும், தட்டாதீர்கள். மாலைத் தரிசனம் முடித்து வெளியே வந்தால் எதிரே இருட்டுக்கடை வாசலில் அல்வாவுக்கு வரிசை நிற்கும்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செங்கோட்டை ரயில், சுமார் 70 கிலோமீட்டர். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் தாமிரபரணியைக் கடக்கும்போது பின்னால் பொதிகை மலை நிற்கும். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பேருந்து எப்போதும் கிடைக்கும்.

சித்திர சபை குற்றாலநாதர் கோயிலுக்குள் இல்லை. கொஞ்சம் நடந்து போக வேண்டிய தனிக் கட்டடம், முன்னால் குளம். உள்ளே போனால் கல்லிலோ செம்பிலோ நடராசரைத் தேடாதீர்கள், இங்கே அவர் சுவரில் ஓவியமாக இருக்கிறார். நான்கு பக்கமும் ஓவியம். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும், பழகிய பிறகு ஒவ்வொரு உருவமாக மேலே எழுந்து வரும். அருவிக் கூட்டம் நெரிக்கும் நாளிலும் இங்கே பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

எந்த மாதம் என்பது அடுத்த கேள்வி. மார்கழித் திருவாதிரையில் ஐந்து சபைகளிலுமே விழா. ஆனால் ஒரே நாளில் ஐந்திலும் இருக்க முடியாது, கூட்டத்தில் எதையும் நின்று பார்க்கவும் முடியாது. என் தேர்வு ஆனி. ஆனி உத்திரத்தில் சிதம்பரத்தில் திருமஞ்சனம், முந்தைய நாள் தேர். அதை முடித்துவிட்டுத் தெற்கே இறங்கினால் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குத் தை, மாசி.

டிக்கெட் விஷயம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நீண்ட தூர ரயில்களுக்கு, முக்கியமாகத் திரும்பி வரும் இரவு ரயிலுக்கு, அன்றே போட்டுவிடுங்கள். திருவாலங்காடு, தென்காசி போன்ற குறுந்தூரங்களுக்கு அன்றன்றைக்கு எடுக்கும் சாதாரண டிக்கெட் போதும். ரயில்வேயில் சுற்றுப் பயண டிக்கெட் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கிளம்பிய ஸ்டேஷனுக்கே வேறு வழியாகத் திரும்புகிறவர்களுக்கானது, அதிகபட்சம் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம், மொத்தத் தூரத்துக்குச் சேர்த்துக் கட்டணம் போடுவதால் தனித்தனி டிக்கெட்டைவிடக் குறையும். பாதையை எழுதிக் கொடுத்து ஸ்டேஷன் அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் இருக்கை முன்பதிவைத் தனியாகச் செய்ய வேண்டும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு.

திரும்ப, செங்கோட்டையிலிருந்து தென்காசி, ராஜபாளையம், விருதுநகர், மதுரை வழியாகப் பொதிகை எக்ஸ்பிரஸ். மாலையில் ஏறினால் காலையில் சென்னை. சிலம்பு எக்ஸ்பிரஸ் விருதுநகரிலிருந்து மானாமதுரை, காரைக்குடி என்று வேறு பாதையில் போகும், வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. இன்னும் ஒரு நாள் இருக்கிறவர்கள் செங்கோட்டையிலிருந்து மேற்கே, 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பத் திறந்த மலைப்பாதையில், பதிமூன்று கண் பாலம் தாண்டிக் கொல்லம் வரை போய்வரலாம்.